கரடிப்பாறையின் நடு வீடு

நாள்: மே 3, 2068. நேரம்: மாலை 5.10
ஆக்சிஜன்: 20.9. பிழை வரம்பு: 14.0

ஆழ்ந்த வருத்தத்துடன் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வது: கரடிப்பாறை வட்ட வருமானக் கணிப்பு நிலையத்தில் நிரந்தரமாக வசித்துவந்த கொசு, இன்று மாலை 4.52 மணிக்கு என் இடது முழங்கையில் இயற்கை எய்தியது. இயற்கை என்பது என் வலது கை. அன்னாருக்கு வாரிசுகள் இல்லை. நல்லடக்கம் இதே பக்கத்தின் மேல் மூலையில் நடைபெற்றது. கறையைப் பார்த்து மரியாதை செலுத்தலாம்.

இது நிலையத்தின் பராமரிப்பு நாட்குறிப்பு. நூல் கட்டிய பேனாவோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர் நாள், நேரம், ஆக்சிஜன், பிழை வரம்பு நான்கையும் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும் என்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. எழுதிவிட்டேன். உள்ளே இருப்பவர் நான்தான். இசக்கிராஜா, வயது பதினேழு, பன்னிரண்டாம் வகுப்பு. உள்ளே இருக்கக்கூடாதவன்.

இந்தப் பக்கத்தைப் புரட்டும் அன்பருக்குச் சூழ்நிலை விளக்கம். பழைய கல்குவாரிக் குழியின் அடியில் பாறையைக் குடைந்து கட்டிய அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுவில் பீரோ அளவில் ஓர் இயந்திரம். அரசாங்கப் பெயர் வட்ட வருமானக் கணிப்பி. ஊர்ப் பெயர் நடுவர். வருடத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில், அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, கரடிப்பாறை வட்டத்தில் ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று கணிக்கும். நாற்பத்து நான்கு வருடமாகக் கணிக்கிறது. முடித்ததும் எல்லா ஊர் ஒலிபெருக்கியிலும் தன் குரலில் அறிவிக்கும்.

நான் வந்தது அந்தக் குரலுக்காக. அறிவிப்புக்கு முன்னால் ஓர் ஆடு கத்தவேண்டும். மே மாத அறிவிப்பு 'மே' என்று தொடங்குவதுதான் முறை. ஆட்டின் குரலை ஒரு சில்லில் பதிந்து கொண்டுவந்திருக்கிறேன். கேபிள் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஐந்து மணிக்குக் கதவு சாத்துவதாக அறிவிப்பு. நாலரைக்கே சாத்திவிட்டார்கள். அரசாங்கம் ஒரு காரியத்தை நேரத்துக்கு முன்னால் செய்தது சரித்திரத்தில் இதுவே முதல் தடவை. அதற்கு ஒரே சாட்சி நான், அதுவும் கதவின் தப்பான பக்கத்தில் நின்று.

கவலை வேண்டாம். போன வருடம் ஐம்பது மணி நேரத்தில் கதவு திறந்தது. அதிகாரிகள் உள்ளே வரும்போது பின்னால் நழுவிவிடுவேன். வீட்டில், சிநேகிதன் ஐகோர்ட்ராஜா வீட்டில் தங்கிப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஐகோர்ட்டிடம் அத்தை ஊருக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஐகோர்ட் என்பது அவன் குலசாமி பெயர். ஆனால் அவன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

கையிருப்பு: காராச்சேவு ஒரு பொட்டலம், தண்ணீர் ஒரு லிட்டர், துணிச்சல் தேவைக்கு அதிகம்.


நாள்: மே 3. நேரம்: இரவு 8.45
ஆக்சிஜன்: 19.8. பிழை வரம்பு: 11.3

நேரம் போகவில்லை. நடுவரின் தொழில் ரகசியத்தைச் சொல்கிறேன்.

வட்டத்தில் ஆயிரத்து அறுநூறு வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் அதே வீடுகள். அப்போதுதான் ஏற்ற இறக்கம் தெரியுமாம். மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் நாற்பது பேர், தலைக்கு நாற்பது வீடு. கதவைத் தட்டி, வருமானம் கேட்டு, படிவத்தில் எழுதித் தரவேண்டும். நடுவர் அந்தப் படிவங்களோடு மின்சார அளவு, ஆட்டுச்சந்தை விலை, வானத்திலிருந்து எடுத்த வயல் படம், பழைய வருடங்களின் கணிப்பு எல்லாவற்றையும் போட்டுப் பிசையும். பிறகு அத்தனை வீடுகளையும் இல்லாதவரிலிருந்து இருப்பவர் வரை ஒரே வரிசையில் நிறுத்தும், பள்ளிக்கூட மைதானத்தில் உயர வரிசை நிறுத்துவது மாதிரி. சரியாக நடுவில் நிற்கிற வீடு எதுவோ, அதன் வருமானம்தான் வட்டத்தின் வருமானம். கணிப்பு எவ்வளவு தப்பலாம் என்பதுதான் மேலே எழுதுகிற பிழை வரம்பு; அது ஐந்துக்குக் கீழே இறங்கினால் கணிப்பு முடிந்தது.

சராசரி எடுக்காது. குவாரி முதலாளி ஒருத்தரை வரிசையில் சேர்த்தால் சராசரிப்படி நாங்கள் எல்லோரும் பணக்காரர்கள். நடுவில் நிற்பவன் அப்படி ஏமாறமாட்டான்.

இதில் தண்ணீர் இருக்கிறது. நடு வீட்டின் வருமானம் இருபத்தோராயிரத்து ஐநூறுக்குக் கீழே இருந்தால் ஊருக்கு நாளொன்றுக்கு இரண்டு வண்டி இலவசத் தண்ணீர். மேலே போனால் ஒரு வண்டி. போன வருடம் வந்த எண் 21,714. இருநூற்றுப் பதினான்கு ரூபாயில் ஒரு வண்டி போனது.

என்னைப் பற்றி ஒரு குறிப்பு, வரலாற்றுக்காக. நாற்பது வீட்டையும் ஒரே நாளில் முடித்தவன் நான். போன வருடமும் இந்த வருடமும். மாவட்டச் சாதனை. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எங்கள் வீடும் அந்த நாற்பதில் ஒன்று. சொந்த வீடு வந்தால் வேறு மாணவனுக்கு மாற்றிவிடவேண்டும் என்று விதி. மாற்றவில்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது, எனக்கே தெரியுமே: ஆறுமுகநயினார், கிரேன் ஆபரேட்டர், மாதம் முப்பத்தெட்டாயிரம். குழியின் உச்சியில் நிற்கிற மஞ்சள் கிரேன் என் அப்பா கையசைவில் ஆடுவது.

இப்போது கவனித்த ஒன்று. கூரை ஓரத்தில் ஒரு குழாய் மெல்லச் சீறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் எழுதியிருப்பது: 'தீத் தடுப்பு. கணிப்புக் காலத்தில் நைட்ரஜன் செலுத்தப்படும். ஆக்சிஜன் 11 வரை இறங்கும்.'

பதினாறில் தீக்குச்சி எரியாது. பதினொன்றில் ஆள் எரியமாட்டான்.

ஐம்பது மணி நேரம்தானே.


நாள்: மே 4. நேரம்: காலை 8.06
ஆக்சிஜன்: 17.4. பிழை வரம்பு: 7.1

கதவுக்குப் பக்கத்தில் ஓர் இன்டர்காம். கணிப்புக் காலத்தில் யாரும் நடுவரிடம் குசுகுசுக்கக்கூடாது என்று நாளைக்கு மூன்று தடவைதான் உயிர் வரும்: காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம். பொத்தானை அழுத்தினால் இங்கிருந்து பேசலாம். அழுத்தாவிட்டால் வெளியே பேசுவது மட்டும் கேட்கும். நான் அழுத்தவில்லை.

வெளியே மரியபுஷ்பம் அக்காவும் காவலாளியும். அக்கா வட்டக் கணிப்பு அலுவலர். எங்கள் படிவங்களை வாங்கி முத்திரை குத்துபவர், எனக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தவர். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"பிழை ஏழுக்கு வந்துட்டு பாத்தீங்களா. மத்தியானத்துக்குள்ள அஞ்சுக்குக் கீழ இறங்கிரும். அப்புறம் நடு வீட்டுக்குப் போயி ஒரு கைரேகை. சோலி முடிஞ்சுது."

"கைரேகை எதுக்கு மேடம், இந்த வருசம் புதுசா?"

"போன வருசம் ரோட்ட மறிச்சாங்கல்லா, மெசின் பொய் சொல்லுதுன்னு. அதான் மேல உத்தரவு. நடு வீடு எதுன்னு நேர்ல போயி பாக்கணும். வீட்டுக்காரரு கைய வச்சாத்தான் கதவே திறக்கும்."

"அவரு ஊர்ல இல்லன்னா?"

"வார வரைக்கும் பூட்டுதான்."

இந்த விதி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்.

பேனா வழுக்குகிறது. அறையில் வெக்கை இல்லை. இயந்திரத்துக்காகக் குளிரூட்டி ஓடுகிறது. ஆனாலும் வழுக்குகிறது. நெற்றிப்பொட்டில் லேசான குத்தல்.


நாள்: மே 4. நேரம்: மதியம் 1.40
ஆக்சிஜன்: 16.2. பிழை வரம்பு: 4.9

பிழை வரம்பு ஐந்துக்குக் கீழே வந்துவிட்டது. நடுவரின் திரையில் வந்த எழுத்து:

நடு வீடு: படிவம் 1163. கீழ ரஸ்தா 14/3. குடும்பத் தலைவர்: சங்கரநயினார். தொழில்: நிழல் வாடகைக்கு விடுதல். மாத வருமானம்: 21,960. நேர்ச் சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது.

முதலில் சிரித்தேன். சிரித்ததில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

கீழ ரஸ்தாவில் 14/3 என்று ஒரு வீடு இல்லை. எப்போதோ இருந்து இடிந்த வீட்டின் எண், பட்டியலில் மட்டும் மிச்சம். 'வீடு இல்லை' என்று எழுதித் தந்திருக்கவேண்டும். நான் குடிவைத்தேன். சங்கரநயினார் என்று பெயர் வைத்தேன். நிழலை வாடகைக்கு விடுகிறார் என்று தொழில் கொடுத்தேன். வெயில் இருக்கிற இருப்புக்கு அதை நடுவர் நம்பிவிட்டது. 'சேவைத் துறை' என்று வகை பிரித்தும் வைத்திருக்கிறது.

அது போன வருடம். சங்கரநயினாரின் அன்றைய வருமானம், கையிலிருந்த பேருந்துச் சீட்டின் கடைசி ஐந்து எண்: 21714. ஒரு மாதம் கழித்து ஒலிபெருக்கியில் நடுவர் சொன்னது: கரடிப்பாறை வட்டத்தின் குடும்ப வருமானம், இருபத்தோராயிரத்து எழுநூற்றுப் பதினான்கு.

ஒரு ரூபாய் கூடவோ குறையவோ இல்லை. ஒரு வட்டமே வரிசையில் நிற்க, நடுவில் நின்றது என் சீட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐகோர்ட்டிடம் கூட, 'ஊருக்கு நடுநாயகம் நான்தாம்லே' என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு வண்டி தண்ணீர் நின்றது.

இந்த வருடம் விலைவாசியை மனதில் கொண்டு சங்கரநயினாருக்கு இருநூற்று நாற்பத்தாறு ரூபாய் ஏற்றிக் கொடுத்திருந்தேன். பழக்கதோஷம். கொடுத்துவிட்டு வந்த பிறகுதான், இந்த வருடமும் என் எண்ணால் வண்டி நிற்கலாம் என்று உறைத்தது.

அதனால், அன்பரே, முதல் பதிவில் ஒரு சின்னத் திருத்தம். ஆடு இல்லை. சில்லும் இல்லை. படிவம் 1163ஐ உருவிக் கிழிக்கத்தான் வந்தேன். நான் வருவதற்குள் நடுவர் விழுங்கிவிட்டது.


நாள்: மே 4. நேரம்: இரவு 8.10
ஆக்சிஜன்: 15.0. பிழை வரம்பு: 4.9

பொத்தானை அழுத்திவிட்டேன். உள்ளே இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"யாருல அது?"

"இசக்கிராஜாக்கா. பன்னெண்டாப்பு. கதவு சாத்தும்போது உள்ள மாட்டிக்கிட்டேன்."

"அடப்பாவி. உள்ள ஆக்சிஜன் எவ்வளவுலே காட்டுது?"

"பதினஞ்சுக்கா."

அக்கா யாரையோ பிடித்துக் கத்துவது கேட்டது. திரும்பி வந்து சொன்ன விவரம்: கதவு இரண்டடி எஃகு. அறுக்கிற இயந்திரம் வெளியூரிலிருந்து வரவேண்டும், நான்கு நாள். குழாயை வெளியிலிருந்து அடைக்க முடியாது; அதுவும் கணிப்பு முடிந்தால்தான் நிற்கும். சீக்கிரமான வழி ஒன்றுதான், நடு வீட்டுக்காரரின் கைரேகை.

"அந்த வீட்டத்தாம்லே மத்தியானத்துலருந்து தேடுதோம். பதினாலு பார் ரெண்டு இருக்கு, பதினாலு பார் நாலு இருக்கு. நடுவுல ஒரு வேப்பமரந்தான் நிக்குது. சங்கரநயினார்னு யாரையும் தெரியலங்காங்க. நீதான அந்தத் தெருவுக்குப் போன? வீடு எங்கன இருக்கு, அடையாளம் சொல்லு."

வேப்பமரம். நிழல் வாடகை. என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே நல்ல ஜோக் தானாக அமைந்துகிடக்கிறது, சிரிக்கத்தான் ஆள் இல்லை.

"மறந்து போச்சுக்கா" என்றேன்.

"நல்லா யோசி தம்பி. உன் நல்லதுக்குத்தான்."

இன்டர்காம் அணைந்தது. சொல்ல வாய் எடுத்தேன் என்று எழுதலாம். எடுக்கவில்லை.


நாள்: மே 5. நேரம்: காலை 11.20
ஆக்சிஜன்: 13.4. பிழை வரம்பு: 4.9

செய்து பார்த்தவை.

சட்டையைக் கழற்றிக் குழாயில் திணித்தேன். அரை மணி நேரம் சீறல் நின்றது. பிறகு சட்டை துப்பப்பட்டது.

நடுவரின் விசைப்பலகையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று அடித்தேன். 'கைரேகை?' என்றது. என் கட்டை விரலை வைத்தேன். 'இசக்கிராஜா, கணக்கெடுப்பு மாணவர். வீட்டுக்காரர் அல்ல.' என் பெயரை அது தெரிந்து வைத்திருப்பது பிடிக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு அக்கா மறுபடி கேட்டார். மறுபடி மறந்து போச்சு என்றேன். நாற்பது வீட்டை ஒரே நாளில் முடித்தவன் ஒரு வீட்டை மறப்பேனா என்று கேட்டார். அதட்டலாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கெஞ்சலாகக் கேட்டார்.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும். காராச்சேவு தீர்ந்தது. தண்ணீர் தீர்ந்தது. குளிரூட்டியிலிருந்து சொட்டுவதைப் புட்டியில் பிடிக்கிறேன், மணிக்கு நாலு மடக்கு. சொட்டு விழ விழ எண்ணுகிறேன். வேறு வேலை இல்லை. ஒரு வண்டி தண்ணீர் எத்தனை சொட்டு என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

ஏன் சொல்ல முடியவில்லை என்றால், ஐகோர்ட்டின் அம்மா. நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். வண்டி ஒன்றாகக் குறைந்த பிறகு எங்கள் தெருவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் முறை. முறை இல்லாத நாளில் ரயில்வே கேட் குழாய்க்கு நடக்கவேண்டும், மூன்று கிலோமீட்டர். ஆடி மாதக் காற்றில் அத்தை குடத்தோடு சரிந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டும் கோணலாகத்தான் கூடியது. இன்றைக்கும் அந்தக் கையால் சோற்றுச் சட்டியை இறக்க முடியாது. ஐகோர்ட் இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருவான், அதனால் தினமும் தாமதம். தாமதமாக வருகிறவனைப் பார்த்து 'ஐகோர்ட் கூடிவிட்டது, எல்லோரும் எழுந்து நில்லுங்கள்' என்று நான் கத்துவேன். வகுப்பே சிரிக்கும்.

அவனும் சிரிப்பான்.


நாள்: மே 5. நேரம்: மதியம் 2.15
ஆக்சிஜன்: 12.9. பிழை வரம்பு: 4.9

சொல்லிவிட்டேன்.

நேரம் மூன்று நிமிடம்தான், சுற்றி வளைக்க முடியவில்லை. "அக்கா, தேடாதீங்க. அப்படி ஒரு வீடு கிடையாது. சங்கரநயினாரும் கிடையாது. நான் எழுதுனது. போன வருசமும் நான்தான். மத்ததும் போயிக் கேக்கல, உக்காந்த எடத்துல எழுதுனது."

இன்டர்காம் செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். பிறகு அக்கா, தணிந்த குரலில்:

"நாப்பதுமா?"

"நாப்பதும்."

"நான் உனக்குக் கலெக்டர் கையால சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தேம்லே."

வேறொரு குரல் குறுக்கே வந்தது. ஐகோர்ட். என்னைத் தேடி வந்திருக்கிறான், எனக்குத் தெரியாது.

"அப்பம் அந்த ஒரு வண்டி தண்ணி... எங்கம்மா கையி..."

"ஐகோர்ட்டு, நான்"

"நீ பேசாத."

நடந்து போகிற செருப்புச் சத்தம். அக்கா சொன்னார், கிடைத்த நிமிடத்தில், கடகடவென்று: உன் நாற்பதையும் ரத்து செய்கிறேன். முப்பத்தொன்பது வீட்டுக்கும் ஆள் அனுப்பித் திரும்பக் கேட்டு, திருத்தப் படிவம் ஏற்றவேண்டும். எல்லாம் ஏறினால்தான் நடுவர் வேறு நடு வீட்டைத் தேடும். பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகளைத் திரட்டவேண்டும். படுத்துக்கொள், பேசாதே, எழுந்து நடக்காதே.

எழுதாதே என்று சொல்லவில்லை.


நாள்: மே 6. நேரம்: காலை 8.20
ஆக்சிஜன்: 12.0. பிழை வரம்பு: 8.8

நேற்று சாயங்காலத்திலிருந்து திரையில் என் படிவங்கள் ஒவ்வொன்றாக அழிந்து புதிது ஏறுகிறது. பிழை வரம்பு ஐந்திலிருந்து ஒன்பதுக்குப் போய் இப்போது இறங்குகிறது. நான் எழுதிய எண்களையும் வந்த எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கிறேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நான் கறிக்கடை வைத்துக்கொடுத்தவர் கறிக்கடையில் வேலை பார்ப்பவர். நான் இருபத்தைந்தாயிரம் கொடுத்த வீட்டில் பென்சன் மூவாயிரம். தாராளமாக இருந்திருக்கிறேன். எல்லோரையும் பணக்காரர் ஆக்கியிருக்கிறேன்.

எட்டு மணிக்கு அக்கா:

"இருக்கியாலே? இருபத்தஞ்சு முடிஞ்சுட்டு. அதுல பதினாறு ஐகோர்ட்டு மட்டும் கேட்டது. அவங்கிட்ட பேசுதியா?"

"பேசுவானாக்கா?"

ஐகோர்ட்டின் குரல். மூச்சு வாங்கியது. வெயிலில் சைக்கிள்.

"மூதேவி. ஒவ்வொரு வீட்லயும் 'போன வருசம் வருமானம் கேக்க ஒரு பையன் வந்தானே'ன்னு கேட்டா, 'யாரும் வரல'ங்காங்க. எனக்கு மானம் போவுது. நீ வெளிய வா. உன்ன நான்தான் கொல்லணும். அங்கன கிடந்து செத்துக்கித்துத் தொலைச்சிராத."

தீர்ப்பு. மேல்முறையீடு செய்யவில்லை.

கூட ஒரு தகவல். திரையின் ஓரத்தில் ஓடுகிற தற்காலிக எண் இப்போது 21,388. இரண்டு வண்டிக் கோட்டுக்குக் கீழே.


நாள்: மே 6. நேரம்: மதியம் 2.30 இருக்கும்
ஆக்சிஜன்: 11.6. பிழை வரம்பு: 5.9

விரல் நகம் நீலமாக இருக்கிறது. வரி வரியாக எழுதுகிறேன், இடையில் படுத்து எழுந்து.

முப்பத்தெட்டு முடிந்தது. ஒன்று பாக்கி. எங்கள் வீடு.

நடந்தது, அக்கா சொன்னபடி: ஐகோர்ட் போய் அப்பாவிடம் வருமானம் கேட்டான். அப்பா, 'எம் பையன் என்ன எழுதியிருக்கான்?' என்று கேட்டார். முப்பத்தெட்டாயிரம் என்றான். 'அப்பம் அதான்' என்றார். நடுவர் மறுத்துவிட்டது. எங்கள் மின்சார அளவுக்கும் அந்த எண்ணுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லையாம். இன்னொரு தடவை தப்பாக ஏற்றினால் நாள் கணக்கில் பூட்டிக்கொள்ளும்.

குவாரி மூடி இரண்டு வருடம் ஆகிறது, அன்பரே. மேலே நிற்கிற கிரேன் ஆடி இரண்டு வருடம். அப்பா இப்போதும் விடியற்காலையில் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார். எங்கே போகிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லவேண்டியிருக்குமே என்று கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு அப்பாவை இன்டர்காமுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"ராசா. மூச்சு விட முடியுதாய்யா?"

"முடியுதுப்பா."

"நீ எழுதுனதுதான் சரின்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் கவலப்படாத. அந்த மெசின்தான்..."

"அப்பா. நான் கேக்கேன், பதில் சொல்லுங்க."

பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். படிவத்தில் முதல் கேள்வியே அதுதான். எத்தனையோ தடவை அச்சில் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்லிப் பார்த்ததில்லை.

"மாசம் எவ்வளவு சம்பாதிக்கீங்க?"

வெளியே ஐகோர்ட், அக்கா, காவலாளி, வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள் என்று தெரியும்.

"சோலார் பலக கழுவப் போறேன்" என்றார் அப்பா. "தெக்க அந்தப் பெரிய பண்ணையில. நாளுக்கு அறுநூறு. மாசம் பதினஞ்சு நாள் கிடைச்சா உண்டு. உங்கம்மா பீடி சுத்துததுல ரெண்டாயிரத்து நானூறு. தொப்பி... வெயிலுக்கு நல்லாருக்குன்னு போடுதேன்."

பதினோராயிரத்து நானூறு.

"எழுதிக்கிட்டியா?" என்று கேட்டார்.

"எழுதிக்கிட்டேம்ப்பா."

"சரியா எழுது."


நாள்: மே 6. நேரம்: தெரியவில்லை
ஆக்சிஜன்: 11.3. பிழை வரம்பு: 5.1

முப்பத்தொன்பதும் ஏறிவிட்டது. 5.3 இருந்தது. 5.2 ஆனது. 5.1இல் நிற்கிறது. ஐந்துக்குக் கீழே வந்தால் வேறு ஒரு வீடு, நிஜ வீடு, நிஜக் கை. பக்கத்து ஊரானாலும் சைக்கிளில் பத்து நிமிடம். ஐகோர்ட் சைக்கிளைத் திருப்பிவைத்துக்கொண்டு நிற்பான். இறங்கும். இறங்காவிட்டால் மிச்சம் இந்தப் பக்கம்தான்.

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்று பாக்கி. வெளியே வந்தால் சொல்ல மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் இங்கே.

உட்கார்ந்த இடத்தில் எழுதினேன் என்று சொன்னேன், ஏதோ சாமர்த்தியம் மாதிரி. அப்படி இல்லை. போன வருடம் முதல் நாள் நான் போனேன். நிஜமாகவே போனேன். படிவம், அட்டை, கழுத்தில் அடையாளச் சீட்டு எல்லாம் சரியாக. முதல் வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்து, என்னய்யா வேணும் என்று கேட்டார்கள். மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று கேட்கவேண்டும். நம் ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன்.

இரண்டாவது வீட்டிலும் அதேதான். மூன்றாவதிலும். ஆறு வீடு. ஆறாவதோடு வயிறு கொள்ளவில்லை. பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து நாற்பதையும் எழுதினேன்.

சாதனையாளன் கேட்ட மொத்தக் கேள்வி அது ஒன்று. ஆறு வீட்டிலும் கொடுத்தார்கள். சொம்பு நிறைய.

முதல் வீடு ஐகோர்ட்டின் வீடு. அத்தை வலது கையால்தான் ஊற்றினார். போதுமாய்யா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா என்று கேட்டார்.

ஊத்துங்கத்தை என்றேன்